வழக்கமாக வசித்தவள்

...வாசலுக்கு வெளியே வைத்தால் விருந்தாளி செருப்பு மாதிரி இருக்கிறது, உள்ளே வைத்தால் ஒளித்து வைத்த செருப்பு மாதிரி இருக்கிறது, வீட்டில் இருக்கிறவர்கள் செருப்பை எங்கேதான் விடுவார்கள், யோசிக்காமல் விடுவார்கள், அதுதான் விஷயம், யோசிக்காமல் விட்ட மாதிரி எப்படி யோசித்து விடுவது என்று சின்னவள் விடிந்ததிலிருந்து தன் செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். செத்துப்போன அக்காவின் செருப்பு பக்கத்திலேயே அகலமாக, அசையாமல் கிடந்தது, இது யார் வீடு என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருப்பதுபோல. இவளுடையது அப்படியா, தரையில் கிடந்தே பழக்கமில்லாத செருப்பு, இத்தனை வருஷமும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பையில் தொங்கிய செருப்பு. குடியிருப்பு வாரியத்து ஆபீஸர் இன்று காலை வருகிறார். வந்து, சுற்றிப் பார்த்து, நாலு பேரை விசாரித்து, இறந்தவருடன் இந்தத் தங்கை 'வழக்கமாக வசித்து வந்தவர்'தான் என்று அவருக்குத் தோன்றினால் வீடு இவள் பெயருக்கு மாறும். தோன்றாவிட்டால் மாசக் கடைசியில் பூட்டு. அப்புறம் அண்ணன் வீட்டு ஹால்தான், அண்ணி டிவி பார்த்து முடிக்கும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பாயை விரிக்க வேண்டியதுதான். "வந்துடேன், யாரு வேணாம்னா? ஹால் சும்மாதானே கிடக்கு" என்று அண்ணி போனில் சொன்னாளே, அந்த 'சும்மா'வை ஒரு இழுப்பு இழுத்தாளே, அதிலேயே வாடகை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் அடங்கிவிட்டது... இடது செருப்பைக் கொஞ்சம் கவிழ்த்துப் போட்டாள். இப்போது சண்டை போட்டுவிட்டுப் போனவளின் செருப்பு மாதிரி இருந்தது. திரும்ப நிமிர்த்தினாள்.

எண்ணம் இருக்கணும் என்றார் வக்கீல். ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவர் அறை, சூடான காகித வாசனை மேலே வரை வரும், மேஜையில் எந்நேரமும் பாதி குடித்த டீ, அவர் அந்த வார்த்தையை விளக்கியதே தனி அழகு, பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றுவதற்கு முன்னால் கேட்பதுபோல, "வசிக்கிறதுன்னா என்னம்மா?" என்றார். இவள் என்ன சொல்வாள், "சாப்பிடறது, தூங்கறது, குளிக்கிறது..." என்று இழுத்தாள். "அதை லாட்ஜுலயும் பண்றாங்க. ஆஸ்பத்திரியில பண்றாங்க. ஜெயில்ல இன்னும் ஒழுங்கா நேரத்துக்குப் பண்றாங்க. சட்டம் அதையெல்லாம் வசிக்கிறதுன்னு ஒத்துக்காதும்மா" என்றார், சொல்லிவிட்டு டீயில் விழுந்த எறும்பை விரலால் எடுத்துப் போட்டார். "உடம்பு ஒரு இடத்துல இருந்தா பத்தாது. இதுதான் என் இடம், எங்க போனாலும் இங்கதான் திரும்பி வருவேன், அந்த எண்ணம் இருக்கணும். ஒருத்தர் வேலை விஷயமா மாசக்கணக்கா வெளியூர்ல கிடக்கலாம், அப்பவும் அவர் இங்க வசிக்கிறவர்தான். இன்னொருத்தர் காலம்பூரா ஒரே மூலையில படுத்திருக்கலாம், நாளைக்குப் போயிடறேன், நாளைக்குப் போயிடறேன்னு சொல்லிட்டே இருந்தார்னா அவர் வசிக்கல, தங்கறார். ரெண்டுக்கும் நடுவுல கோர்ட்டுல எத்தனை வருஷம் ஓடும் தெரியுமா?" நாளைக்குப் போயிடறேன் என்றதும் இவளுக்கு முகம் சுட்டது, யார் சொன்னது இவரிடம், யாரும் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொல்கிறார். "எண்ணம் மனசுக்குள்ள இருக்கறதுங்களே, அதை ஆபீஸர் எப்படிப் பார்ப்பார்?" என்று கேட்டாள், நல்ல கேள்விதான். "மனசைத் திறந்து பாக்க முடியாதுன்னுதான் அலமாரியைத் திறந்து பாக்கறாங்க" என்றார் அவர். காகிதம் ஏதாவது இருக்கா என்றார். எல்லாக் காகிதமும் அண்ணன் வீட்டு விலாசத்தில். காகிதத்தைக் கேட்டால் இவள் அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் குடியிருக்கிறாள், அந்த அறையில் அண்ணி நடக்கிற மெஷின் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாள், அதன்மேல் இதுவரை யாரும் நடந்ததில்லை, துணிதான் காய்கிறது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார், "அம்மா, இவ்வளவு வருஷம் இவ்வளவு நல்லா ஒளிஞ்சிருந்த ஆளை நான் போய் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்றார். கிண்டலா பாராட்டா தெரியவில்லை. இவள் வேறு அசட்டுத்தனமாக ஒரு சிரிப்பு சிரித்து வைத்தாள்.

ஒளியாமல் என்ன செய்வது? இது ஒற்றை ஆள் வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, நிற்க இடமில்லாத ஒரு பால்கனி, தனியாக இருக்கிற பெண்களுக்கென்று வாரியம் கட்டியது. டெலிபோன் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்ற அக்காவுக்குத் தலையால் தண்ணீர் குடித்துக் கிடைத்தது, வேறு யாரையும் சேர்த்து வைத்துக்கொள்ளக் கூடாது, தெரிந்தால் வீடு போய்விடும். இவள் வேலை பார்த்த டிரைகிளீனிங் கடைக்காரர் பெண்களுக்கு எடுத்துக் கொடுத்திருந்த விடுதி மூடப்பட்டபோது ஒரு பெட்டியோடு வந்தாள், ஒரு வாரம்தான் அக்கா, வேற இடம் பார்த்துட்டுப் போயிடறேன் என்று. அந்த ஒரு வாரம் போய்க்கொண்டே இருந்தது. தலை நரைத்தது, கடையில் மெஷின் இரண்டு தடவை மாறியது, வாரம் மட்டும் முடியவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் அக்கா இறந்தால் உடன்பிறந்தவள் வீட்டில் தொடர்ந்து இருக்கலாம் என்று அதே வாரியத்தின் விதியிலேயே இருக்கிறது, ஆனால் கூடவே வசித்திருக்க வேண்டும். வசிக்கவும் கூடாது, வசித்தும் இருக்க வேண்டும், இதை எழுதியவர் எந்த ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தாரோ. "அப்போ நாங்க தப்பு பண்ணினோம்னு ஆகாதுங்களா?" என்று வக்கீலிடம் கேட்டதற்கு, "தப்பு பண்ணினது உங்க அக்கா. இறந்தவங்க மேல நடவடிக்கை எடுக்க வாரியத்துக்கு இன்னும் அதிகாரம் வரல" என்றார். அந்த மனுஷர் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார், அதுதான் பயமாக இருக்கிறது.

ஒரு பிரஷ்தான் டம்ளரில் நிற்கும், அது அக்காவுடையது, இவள் பிரஷ் கைப்பையில். பாய் அலமாரிக்குப் பின்னால். சுவரில் படம் என்று ஒன்று உண்டென்றால் அதில் அக்கா மட்டும்தான், அலுவலக விழாவில் மாலை போட்ட படம், அதில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தியின் முழங்கைகூட வெட்டப்பட்டிருந்தது, அது இவள் முழங்கை இல்லை, அக்காவுக்குப் பிடிக்காத மேலாளரின் முழங்கை. இருமல் வந்தால் தலையணையில். சிரிப்பு வந்தால், அக்கா பேச்சைக் கேட்டால் சிரிப்பு வராமல் இருக்காது, வாயில் துணி. துவைத்த துணியைப் பால்கனியில் போடவே கூடாது, அக்கா ஒரு கதவை அடைக்கிற அகலம், இவள் அந்தக் கதவின் தாழ்ப்பாள், கொடியைப் பார்த்தாலே சின்னப் பிள்ளைகூட இரண்டு ஆள் என்று சொல்லிவிடும். அதனால் இவள் துணி எல்லாம் கடையிலேயே துவைத்து, கடையிலேயே காய்ந்து, கடைப் பையிலேயே வரும் போகும். ஊரார் துணிக்கெல்லாம் இவள் கையால்தான் அடையாளத் துண்டு தைக்கிறாள், காலர் உள்பக்கம், யாருக்கும் கண்ணில் படாமல், ஆயிரம் சட்டையில் ஒன்றைக் காட்டி இது யாருடையது என்றால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். தன் துணிக்கு மட்டும் தைத்ததில்லை. எதற்கு, எதனுடன் கலந்துவிடப் போகிறது... கடையில் கலக்கவில்லை, வீட்டிலும் கலக்கவில்லை.

இதோ, புது பிரஷ். நேற்று வாங்கியது, பச்சை. டம்ளரில் அக்காவுடையதற்குப் பக்கத்தில் நிறுத்தினாள், பளபளவென்று நின்றது, கையும் களவுமாகப் பிடிபட்டவன் முழிப்பதுபோல. பழையதை நிறுத்தலாம் என்றால் கைப்பையிலேயே கிடந்து அதன் மயிரெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, இது ஏதோ பிரயாண பிரஷ் என்று பறைசாற்றுகிறது. புதியதை எடுத்துத் தரையில் தேய்த்தாள். என்ன செய்துகொண்டிருக்கிறோம்... ஒரு உண்மைக்கு இவ்வளவு வேஷமா? பொய்க்குக்கூட இவ்வளவு கஷ்டப்படவில்லையே, பொய் தண்ணீர் மாதிரி ஓடியதே. வீட்டை வீடு மாதிரி வையுங்கள், உங்கள் சாமான் கண்ணில் படட்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார், எந்தச் சாமான்? பெட்டியைத் திறந்து பார்த்தால் வந்த அன்று கொண்டுவந்ததற்கு மேல் பெரிதாக ஒன்றும் சேரவில்லை. மனுஷி இத்தனை காலத்தில் ஒரு கிண்ணமாவது வாங்கியிருக்கக் கூடாதா? சரி, துணி. இரண்டு உடுப்பை நனைத்துப் பிழிந்து பால்கனிக் கொடியில் போட்டாள், ஏதோ கொடி ஏற்றுவதுபோல. போட்டு இரண்டு மூச்சு விட்டிருக்க மாட்டாள், கீழ் வீட்டு நர்ஸின் தலை அவள் பால்கனியிலிருந்து வெளியே நீண்டு மேலே திரும்பியது, இரவு ஷிப்ட் முடிந்து வந்த முகம், பல் விளக்கும் நுரை, "அடியேய், என்ன காரியம் பண்றே! இன்னிக்கு வாரியத்துக்காரன் வர்ற நாளாமே, பாத்துடப் போறாண்டி, உள்ள எடு, உள்ள எடு!" என்று கிசுகிசுப்பாகக் கத்தினாள், அப்படி ஒரு கத்தல் அவளால்தான் முடியும். "நர்ஸக்கா, பாக்கட்டும்னுதான் போட்டேன், சொன்னேனே உங்ககிட்ட..." என்றாள் இவள். நர்ஸ் நுரையைத் துப்பிவிட்டு யோசித்தாள். "ஆமால்ல. சொன்னேல்ல. என்னமோ போ, பாத்ததும் வாய் தானா கத்திடுச்சு" என்று தலையை இழுத்துக்கொண்டாள். சொல்லி வைத்த ஆளுக்கே இப்படி என்றால்?

சொல்லத்தான் செய்தாள், ஒவ்வொரு வீடாகப் போய். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரிடம் போனபோது, அவர் ஓய்வுபெற்று எத்தனையோ காலம், இன்னும் கையில் சாக்பீஸ் இருப்பதுபோலவே விரலை வைத்துக்கொள்வார், மனைவி பெயரில் இருக்கிற ஒற்றை ஆள் வீடு இது, தான் வேறெங்கோ இருந்துகொண்டு அடிக்கடி வந்து போகிறவர் என்பது அவருடைய பொய், அந்த மாடியில் ஆளுக்கு ஒரு பொய் இருந்தது, அடுத்தவர் பொய்யை எல்லோரும் தன் பொய்யைப்போல் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். "சார், இந்தத் தடவை நான் இங்க இருந்தேன்னு சொல்லணும்" என்றாள். அவர் புருவத்தைத் தூக்கினார். "நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா, இல்லேன்னு? ஒரு தடவைகூட மாத்திச் சொன்னதில்ல. போன தடவை அந்த ஆபீஸர், சார் நீங்க சொன்னா அப்பீலே இல்லைன்னுட்டான்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. "இப்ப மாத்திச் சொன்னா அப்ப சொன்னதெல்லாம்?" என்றார், இவளுக்குப் பாவமாக இருந்தது, யாருக்கு யார் பாவம்... "பாத்துச் சொல்றேம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி உள்ளேயிருந்து, "என்னவாம் சின்னவளுக்கு?" என்று கேட்டதும், அவர், "அவ இங்க இருக்காளாம்" என்றதும், அந்த அம்மாள், "ஐயையோ, மெதுவாப் பேசுங்க" என்றதும் கதவுக்கு வெளியே கேட்டது. அப்புறம் வாட்ச்மேன். அவரிடம் சொல்லும்போது அவர் பாதி கேட்டார், ஆபீஸர் வருகிறார் என்ற பாதி. "கவலையே படாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். இல்லண்ணே, இந்தத் தடவை வேற மாதிரி என்று இவள் ஆரம்பிப்பதற்குள், "வேற மாதிரியோ எந்த மாதிரியோ, என்னைத் தாண்டித்தானே வரணும்?" என்று விசிலை எடுத்துக்கொண்டு ஒரு வேனை நோக்கிப் போய்விட்டார். அவர் எப்போதும் அதைத்தான் சொல்வார். நான் பார்த்துக்கறேன். வாரியத்து ஆள் கேட்டில் நுழைந்தால் அவர் மேலே பார்த்து, "மோட்டார் போடட்டுமாம்மா?" என்று ஒரு குரல் கொடுப்பார், நாளெல்லாம் தண்ணீர் வராத நாளிலும் கொடுப்பார், அந்தக் கட்டடத்தில் அதைக் கேட்டதும் வாத்தியார் சட்டையை மாட்டிக்கொண்டு விருந்தாளி ஆகிவிடுவார், மாடிக் கோடியில் ஒரு வீட்டில் பூனை கூடைக்குள் போய்விடும், இவள் செருப்புப் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவு வழியாகப் பின்படிக்கட்டில் ஏறிவிடுவாள், மொட்டைமாடிக்குப் போகிற திருப்பத்தில் உட்கார்ந்துகொள்வாள். அங்கே உட்கார்ந்தால் வீட்டுக்குள் பேசுவது நன்றாகக் கேட்கும்.

கேட்டதுதான் வினை. அக்கா என்னமாய் நடிப்பாள். வாசலில் தட்டினால் உடனே திறக்க மாட்டாள், முதலில், "யாரு?" என்று ஒரு குரல், அதில் தூக்கக் கலக்கம், தனிமை, லேசான மூட்டுவலி எல்லாம் கலந்திருக்கும். டெலிபோன் ஆபீஸில் முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் பேசிய குரல் அல்லவா. பிறகு, "வாங்க சார், உட்காருங்க, ஒரே நாற்காலிதான், நீங்க உட்காருங்க நான் நிக்கறேன்" என்பாள். "கூட யாரும்மா இருக்கா?" என்றால் ஒரு பெருமூச்சு. "எனக்குன்னு யாரு சார் இருக்கா? நான் தனி ஆள்." திருப்பத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு இவள் சிரிப்பாள், முதல் தடவை. இரண்டாம் தடவையும். ஆபீஸர் போனபின் அக்கா ஒரு பாத்திர மூடியைக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள், வரலாம் என்று அர்த்தம், இவள் இறங்கிப் போனால், "எப்படி? அந்த ஆளுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சுடி" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள், கட்டில் குலுங்கும். ஆனால் அப்புறம் ஒரு தடவை, மழைக்காலம் அது, படியில் ஈரம், அக்காவின் குரல் கொஞ்சம் அதிகமாகத்தான் நன்றாக இருந்தது, "யாரும் இல்ல சார், எப்பவுமே இல்ல" என்றாள், அந்த 'எப்பவுமே' எதற்கு, ஆபீஸர் கேட்கவில்லையே. அன்று இறங்கிப் போனபோது அக்கா சிரிக்கவில்லை, காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், இவளும் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது, என்னை இல்லை என்று சொல்லும்போது நீ என்னை நினைத்துக்கொண்டுதானே சொல்கிறாய் என்றா? ஆஸ்பத்திரியில் கடைசியாக ஒரு சாயங்காலம், ஜுரம் ஏறிக் கண் சொருகிக் கிடந்த அக்காவின் கை இவள் கையில்தான் இருந்தது, புதிதாக வந்த டாக்டர் பெண் குனிந்து, "பாட்டி, உங்ககூட யாரு இருக்காங்க?" என்று சும்மா பேச்சுக் கொடுத்தாள், நினைவு இருக்கிறதா என்று பார்க்க. அக்கா கண்ணைத் திறக்காமல், "யாரும் இல்ல சார். நான் தனி ஆள்" என்றாள். டாக்டர் பெண் இவளைப் பார்த்தாள். இவள், "அது... பழக்கம்" என்றாள். பழக்கம்தானே அது? சார் என்றாளே, ஆபீஸர் என்று நினைத்துத்தானே சொன்னாள், அந்த ஜுரத்திலும் இவளைக் காப்பாற்றத்தானே... இருக்கும். இருக்கலாம். வக்கீல் சொன்ன எண்ணம் ஒரு ஆளுக்கு இருந்தால் போதுமா, இரண்டு பேருக்கும் இருக்க வேண்டுமா, அதைக் கேட்க மறந்துவிட்டாள்.

கேட்டருகே ஒரு ஸ்கூட்டர் நின்றது. பால்கனியில் தன் ஈர உடுப்புகளுக்கு நடுவே முகத்தை வைத்து எட்டிப் பார்த்தாள், ஹெல்மெட்டைக் கழற்றினார் ஒரு ஆள், கக்கத்தில் தோல்பை, தலையில் ஹெல்மெட் பதித்த வளையம், பொல்லாதவராகத் தெரியவில்லை, வாட்ச்மேனிடம் ஏதோ கேட்டுச் சிரிக்கக்கூடச் செய்தார். நல்ல வேளையாக, இல்லை கெட்ட வேளையாக, கணக்கு வாத்தியார் பால் பாக்கெட்டோடு அப்போதுதான் கேட்டுக்குள் வந்தார். "சார், மேல்மாடி வீட்டம்மா இறந்துட்டாங்களே, அவங்ககூட அவங்க தங்கச்சி இருந்தாங்களா?" ஆபீஸர் குரல் தெளிவாக ஏறி வந்தது. சொல்லுங்க சார். ஒரே வார்த்தை. ஆமான்னு ஒரு வார்த்தை. வாத்தியார் பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார், மேலே பார்த்தார், இவளைப் பார்த்தார், நிச்சயமாகப் பார்த்தார், கண்ணைக்கூட லேசாக மூடித் திறந்தார், பயப்படாதே என்பதுபோல, பிறகு கரும்பலகைக் குரலில், "அந்தம்மா தனி ஆள் சார். தங்கச்சி எப்பவாச்சும் வருவா, பாத்துட்டுப் போயிடுவா. நான் இங்க அடிக்கடி வந்து போறவன், எனக்குத் தெரியும்" என்றார். "ராத்திரி தங்கறது?" "சேச்சே!" என்றார் வாத்தியார், ஏதோ ஒழுக்கத்தைக் குறை சொன்னதுபோல. வாட்ச்மேனும் தன் பங்குக்கு, "ரெண்டாவது ஆளை நான் உள்ளயே விட்டதில்ல சார், ரூல்ஸ்னா ரூல்ஸ்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். கத்த வேண்டும். இப்போது கத்தினால் போதும். சார், பொய், நான் இங்கேதான் இருந்தேன், அந்தச் சாருக்கு என்மேல் பிரியம் அதிகம், அதனால் பொய் சொல்கிறார் என்று இங்கேயிருந்து கத்தலாம், கத்தினால் வாத்தியார் முகம் என்ன ஆகும், அவர் இரண்டு கையிலும் பாலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அப்புறம் அவர் எந்த வீட்டுக்குப் பால் வாங்கிக்கொண்டு வருகிறார் என்று ஆபீஸர் கேட்பார்... வாயைத் திறந்தாள். இந்தப் பால்கனியிலிருந்து ஒரு நாளும் சத்தமாகப் பேசியதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, குரல் எங்கிருந்து எடுப்பது, தலையணைக்குள்ளிருந்தா? தொண்டையில் ஒரு காற்று மட்டும் வந்தது, ஈர உடுப்பு லேசாக ஆடியது. ஆபீஸர் படியை நோக்கித் திரும்பினார். வாட்ச்மேன் தலையை மேலே தூக்கி, வாயருகே கையைக் குவித்து, வருஷக்கணக்கான விசுவாசத்தையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, "மோட்டார் போடட்டுமாம்மா?" என்றார்.

இனி நடந்ததை அவள் செய்தாள் என்று சொல்வது சரியில்லை, அது நடந்தது. கொடியிலிருந்து உடுப்புகள் உருவப்பட்டன. பச்சைப் பிரஷ் டம்ளரை விட்டுக் கைக்கு வந்தது. செருப்பு, காலையிலிருந்து இடம் கிடைக்காமல் திண்டாடிய அந்தச் செருப்பு, ஒரே எட்டில் பைக்குள் போய்விட்டது. வாசல் கதவு தாழ்போட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை, போட்டிருந்தது. சமையலறைக் கதவு, சத்தமில்லாமல், கீலுக்கு எண்ணெய் விடுவது அக்காவின் வேலை, இன்னும் சத்தமில்லாமல்தான் திறந்தது, படி, படி, திருப்பம், உட்கார்ந்தாயிற்று, முழங்காலைக் கட்டிக்கொண்டாயிற்று, மடியில் ஈரத் துணி சொட்டியது. அப்போதுதான் மூச்சு வாங்கியது, அப்போதுதான் ஐயோ என்றிருந்தது. என்ன பண்ணிவிட்டேன்? அடிப் பாவி, எழுந்திரு. இறங்கிப் போய்க் கதவைத் திற, நான்தான் தங்கை, வாங்க, ஒரே நாற்காலிதான் என்று சொல். எழுந்திருக்கப் போனவள் சுவரில் கை ஊன்றினாள், ஊன்றிய இடத்தில் சுண்ணாம்பு வழவழவென்றிருந்தது, திரும்பிப் பார்த்தால் கறுப்பாக ஒரு வட்டம், தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய் ஏறிய வட்டம், அவள் உயரத்துக்குச் சரியாக. அடேயப்பா, இந்தக் கட்டடத்தில் இவள் இருந்ததற்கு இது ஒன்றுதான் தடயம் போலிருக்கிறது. இதைக் காட்டலாமா ஆபீஸரிடம்? பாருங்க சார், நான் வசித்ததற்கு அத்தாட்சி என்று? எங்கேம்மா வசிச்சீங்க என்பார். படிக்கட்டில் சார்.

தட்டினார். கேட்டது, எப்போதும்போல நன்றாகக் கேட்டது. "அம்மா... யாராவது இருக்கீங்களா?" நல்ல குரல்தான், அவசரமில்லாத குரல், இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார். திரும்பி வருகிற எண்ணம் இருந்தால் போதும் என்றாரே வக்கீல், எண்ணம் இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது, நெஞ்சு வரை இருக்கிறது, முழங்காலுக்குத்தான் இன்னும் இறங்கவில்லை. மறுபடி தட்டினார். இவள் காதைத் தீட்டிக்கொண்டாள். எதற்கு இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று இவளுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை, ஆபீஸர் குரலுக்கு இல்லை, அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, இன்னொன்றுக்கு, அதற்கடுத்து எப்போதும் வருகிற ஒன்றுக்கு... "யாரு?" என்று உள்ளேயிருந்து, தூக்கக் கலக்கமும் மூட்டுவலியுமாக. இங்கே யாரும் இல்லை என்று சொல்லவாவது உள்ளே ஒரு ஆள் இருந்தாளே இத்தனை நாளும். இப்போது அதைச் சொல்லக்கூட... ஆபீஸர் பையைத் திறக்கிற சத்தம், காகிதம் சரசரத்தது, பேனா மூடி கழன்றது. பிறகு அவர் செருப்பு படிப்பக்கம் இரண்டடி போய் நின்றது, திரும்பி வந்தது, மூன்றாவது தடவை தட்டினார், கொஞ்சம் மெதுவாக, தூங்குகிறவர்களை எழுப்பத் தயங்குகிறவரைப்போல. மடியில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சின்னவள் உட்கார்ந்திருந்தாள், சமையலறையில் ஒரு மூடி தட்டப்படட்டும் என்று.